வாயை மூடினால் திறக்கும் கதவு

கதவு மூன்றாவது முறையும் 'டீங்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது.

"அண்ணி, இது கதவா, கவர்ன்மென்ட் ஆபீஸா? உள்ள வர்றப்போ வாங்க வாங்கன்னுச்சு. வெளிய போகணும்னா நாளைக்கு வாங்கன்னுது" என்றான் ஸ்பீக்கர், கையிலிருந்த, கதவு திறக்கும் கார்டைச் சட்டையில் துடைத்துக்கொண்டே.

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண் மானிட்டரில் இருந்தது.

ஊரில் பாதிப் பேருக்கு அவள் 'துப்பறியும் அண்ணி'. தொழில் தொடங்கிய காலத்தில் அவளுடைய கொழுந்தன் எல்லார் முன்னாலும் "அண்ணி, அண்ணி" என்று கத்திக் கத்தி அதுவே பெயராக நிலைத்துவிட்டது. அந்தக் கொழுந்தன்தான் ஸ்பீக்கர். அவன் பெயருக்குக் காரணம் தேட வேண்டியதில்லை, ஒரு நிமிடம் பக்கத்தில் நின்றால் போதும்.

இருவரும் நின்றிருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு காலத்தில் பழைய பாத்திரமும் ட்ரங்க் பெட்டியும் போட்டுவைத்த உள்ளறை. இப்போது அதில் ஒரு இரும்பு ரேக், ரேக்கின் மேல் சூட்கேஸ் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு. அந்தப் பெட்டிதான் இந்த வீட்டு சர்வர். கேமராப் படங்களைச் சேர்த்துவைப்பது, விளக்கையும் ஏசியையும் இயக்குவது, கதவைத் திறப்பது எல்லாம் அதன் வேலை. வீட்டின் மூத்த மகன் தன் கையால் கட்டியது. அவர் கப்பலில் இன்ஜினியர், இப்போது நடுக்கடலில் இருந்தார்.

அவருடைய மனைவியான பல் டாக்டர்தான் அண்ணியைத் தேடி வந்தவர். "என் கொழுந்தன் ஒரு எறும்பை மிதிச்சாக்கூட நின்னு பார்க்கிற ஆளு. அவன் ஒரு வாட்ச்மேனை இடிச்சுப் போட்டுட்டு ஓடி வந்தான்னு என்னால நம்ப முடியல. ஆனா கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறான்" என்றார். அடிபட்ட வாட்ச்மேன் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. உடைந்த விளக்கோடு நின்ற காரின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் தம்பிக்காரன் உட்கார்ந்திருந்ததால், அவனைப் பிடித்துப்போன போலீஸுக்கு அதற்கு மேல் தேடத் தோன்றவில்லை.

ஆனால் கார் ஷெட்டில் ஒரு கேமரா இருந்தது. அன்றைக்கு யார் காரை எடுத்தார்கள் என்பது அந்த சர்வரில் இருந்தது. சர்வர் பத்து நாள் படத்தைத்தான் வைத்துக்கொள்ளும். புதுப் படத்துக்கு இடம் வேண்டி பழையதைத் தானே அழித்துவிடும். அந்தப் பத்தாவது நாள் இன்று, மாலை ஆறு மணியோடு முடிகிறது.

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

"வந்தப்போ அரை மணியில படம் பென் டிரைவுக்குக் காப்பி ஆயிடும்னு சொல்லுச்சு" என்றாள் அண்ணி. "இப்ப நாளைக்குக் காலையிலன்னுது."

"ஏசிகூட ஓடல அண்ணி. நான் பட்டன அமுக்குறேன், அது யோசிக்குது."

"எல்லாம் ஒரே நோய்தான். இந்த வீட்டுல எது நடக்கணும்னாலும் இந்தப் பெட்டி முதல்ல தன் டிஸ்க்குல எழுதிக்கும். இன்னார் கதவு திறந்தார்னு எழுதி முடிச்சாத்தான் பூட்டுக்குத் 'திற'ன்னு பதில் போகும். பூட்டு கொஞ்ச நேரம் காத்திருக்கும். பதில் வரலேன்னா டீங்குன்னு சொல்லிட்டு நம்மள மறந்துடும்."

"கரெண்டைப் புடுங்கிட்டா?"

"தாழ்ப்பாள் மாதிரி பூட்டு இது. கரெண்டு போனா போட்டது போட்டபடி நிக்கும். பெட்டியை அணைச்சாலோ, திரும்பக் கிளப்ப பாஸ்வேர்டு வேணும். அது கப்பல்ல இருக்கு."

ஸ்பீக்கர் நெற்றி வியர்வையை வழித்தான். "போன்?"

இருவரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்தார்கள். போன்கள் வெளியே முக்காலியில் இருந்தன. கதவைத் திறந்துவிட்ட வீட்டின் சின்ன மருமகள், தம்பிக்காரனின் மனைவி, அதை வாங்கி வைத்திருந்தாள். "போனுல காந்தம் இருக்காம். டிஸ்க்கு கெட்டுப்போயிடும்னு சொல்வாங்க" என்று பணிவாகச் சொன்னாள். பிறகு "ஏசி காத்து வெளிய போயிடும்" என்று கதவையும் சாத்திவிட்டுப் போனாள்.

"போன் காந்தத்துக்கு டிஸ்க்கு கெடாது. அது தெரிஞ்சும் ஏன் குடுத்தீங்க?"

"யார் என்ன சாக்கு சொல்றாங்கன்னு கேட்டு வெச்சுக்கிறது நம்ம தொழில்."

"நல்ல தொழில். சாக்கு உள்ள, போன் வெளிய." ஸ்பீக்கர் கதவை இரண்டு கையாலும் குத்தினான். "தங்கச்சி! ஏம்மா! தங்கச்சீ! கதவத் திறம்மா!"

"தம்பி, நிறுத்து."

நிறுத்தினான்.

"இன்னொரு தடவ கத்து."

"என்ன அண்ணி?"

"கத்துடா. முழுசா."

"எங்க அண்ணன் கல்யாணம் ஆன நாள்லேருந்து வாய மூடுன்னு மட்டும்தான் கேட்டிருக்கேன். இந்த நாளைக் கொண்டாடணும்" என்று அவன் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, பெட்டியின் முன்னால் நின்று, ஒரு கத்துக் கத்தினான்.

திரையில் காப்பியின் வேகத்தைக் காட்டிய கோடு படுத்துவிட்டது. அவன் மூச்சு வாங்க நிறுத்தியதும் மெதுவாகத் தலை தூக்கியது. மறுபடி கத்தினான், மறுபடி படுத்தது.

"எனக்குப் பயப்படுதா?"

"பயமில்ல, தடுமாற்றம்." அண்ணியின் முகத்தில் முதல் முறையாக வெளிச்சம் வந்தது. இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் அவள் கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து படங்களை மீட்டுக் கொடுக்கும் கடை நடத்தியவள். டிஸ்க் என்றால் சில பேருக்குக் கிரிக்கெட் மாதிரி அவளுக்கு.

"உள்ள ஒரு தட்டு சுத்திக்கிட்டே இருக்கு. அது மேல தலைமுடியவிட மெல்லிசான கோடு கோடா எழுத்து. அந்தக் கோட்டுக்கு நேரா ஒரு சின்ன முனை நின்னு படிக்கும், எழுதும். இப்போ, ஓடுற பஸ்ல உக்காந்து ஊசியில நூல் கோக்கிறேன்னு வெச்சுக்க. பஸ் குலுங்குது, நூல் தப்புது. டிஸ்க்குக்கும் அதேதான். முனை கொஞ்சம் விலகினா எழுத முடியாது. தட்டு ஒரு முழுச் சுத்து சுத்தி அந்த இடம் திரும்ப வர்ற வரைக்கும் காத்திருந்து மறுபடி முயற்சி பண்ணும். மறுபடி குலுங்கினா மறுபடி ஒரு சுத்து. டிஸ்க்கு கெட்டுப் போகல தம்பி. பாவம், நூல் கோத்துக்கிட்டே இருக்கு."

"அப்ப நான்தான் குற்றவாளி. இத்தனை நேரம் கதவை இடிச்சு இடிச்சு நானே பூட்டிக்கிட்டேன்."

"பாதிக் குற்றவாளி. நீ வாய மூடினப்புறமும் வேகம் பழைய அளவுக்கு வரல பாரு. பெட்டிக்குள்ள இருக்கிற நாலு டிஸ்க்கையும் தனித்தனியாப் பார்த்துட்டேன். ஒருத்தன் நோயாளின்னா அவன் மட்டும் திணறுவான், மத்த மூணு பேரும் சும்மா காத்திருப்பாங்க. இங்க நாலு பேருமே ஒண்ணாத் தடுமாறுறாங்க. நோய் டிஸ்க்குல இல்ல. இடத்துல இருக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இந்த அறையில உன்னத் தவிர இன்னொரு ஸ்பீக்கர் இருக்கு. நமக்குத்தான் கேக்கல."

இருவரும் அசையாமல் நின்று காது கொடுத்தார்கள். விளக்கு பட்டென்று அணைந்தது.

"ஐயோ!"

"ஒண்ணுமில்ல. இந்த விளக்கு மட்டும் பெட்டியக் கேக்காது, ஆள் அசைவு இல்லேன்னா தானா அணையும். கைய ஆட்டு."

அவன் ஆட்டினான். விளக்கு வந்தது. வந்த வெளிச்சத்தில் அண்ணி ரேக்கைப் பார்த்து அப்படியே நின்றாள். ஸ்பீக்கர் கொண்டுவந்து வைத்த தண்ணீர் பாட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் மூடி இல்லாமல் இருந்தது. அதில் தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வட்டங்கள் தோன்றி, விளிம்பைத் தொட்டு, மறைந்து, மறுபடி தோன்றிக்கொண்டிருந்தன. யாரும் பாட்டிலைத் தொடவில்லை.

அண்ணி உள்ளங்கையை ரேக்கில் வைத்தாள், பிறகு ரேக்கை முடுக்கியிருந்த சுவரில். "நீயும் தொட்டுப் பாரு."

"உர்ருங்குது. பூனை வயித்துல கை வெச்ச மாதிரி."

"சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?"

"டாக்டரம்மாவோட கிளினிக். வர்றப்போ பார்த்தோமே, 'இன்று விடுமுறை'ன்னு போர்டு தொங்குச்சு." சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. "லீவு விட்ட கிளினிக்ல என்ன ஓடுது?"

"கம்ப்ரஸர். பல் குடையற மிஷினுக்குக் காத்து அனுப்புறது. அந்தச் சத்தம் இந்த வீட்டுச் சத்தத்தோட கலந்து போச்சு, அதான் நம்ம காதுல விழுந்தும் கேக்கல."

அண்ணி தரையில் குனிந்தாள். மூலையில், தூசிப் படலத்தின் நடுவே, சூட்கேஸ் அளவுக்கு ஒரு சுத்தமான கட்டம். அதன் நாலு மூலையிலும் வட்டமாக ரப்பர் கறை.

"பெட்டி முதல்ல இங்கதான் இருந்திருக்கு, தரையில, கனமான ரப்பர் கால் மேல. கப்பல்ல இன்ஜின் ஆட்டம் மத்ததுக்குப் போகாம ரப்பர்லதான் உக்கார வெப்பாங்க. மனுஷன் தொழில் புத்தியோட வெச்சிருக்காரு. யாரோ ரப்பரைக் கழட்டிட்டு, கிளினிக் சுவர்லயே முடுக்கின ரேக்ல தூக்கி வெச்சிருக்காங்க."

"தண்ணி கசிஞ்சுதுன்னு மேல தூக்கி வெச்சதாச் சொல்லுச்சே, கதவத் திறந்துவிட்ட அந்தப் பொண்ணு?"

"ஊது."

அவன் தரையில் ஊதினான். தூசி பொடியாகப் பறந்தது.

"தண்ணி பட்ட தூசி காஞ்சா சேறாப் பிடிச்சுக்கும். ஊதினா வராது. இங்க தண்ணியே வரல."

ஸ்பீக்கர் ரேக்கில் சாய்ந்தான். "எனக்குப் புரிஞ்சு போச்சு அண்ணி. கிளினிக் யாரோடது? டாக்டரம்மா. கம்ப்ரஸர் யாரோடது? டாக்டரம்மா. கொழுந்தன் யாருக்காக வாய மூடிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கான்? அண்ணிக்காக! நானும் உங்களுக்காக ஜெயிலுக்குப் போவேன், வாரத்துக்கு ரெண்டு நாள் சாப்பாடு அனுப்புனீங்கன்னா. டாக்டரம்மா இடிச்சுட்டாங்க, தம்பி தலையில ஏத்திக்கிட்டான். ஊருக்காக நம்மள கூட்டிட்டு வந்து, மிஷின் பழசு, ஒண்ணும் கிடைக்கலன்னு முடிக்கப் பார்க்குறாங்க."

"நல்லாத்தான் இருக்கு."

"நான் சொல்றது எப்பவும்..."

"தப்பா இருந்தாலும் நல்லாத்தான் இருக்கும். இத முதல்ல இறக்குவோம். நேரம் போகுது."

ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைத் தூக்குவது ஆபத்தான வேலை. ஒரு இடி இடித்தால் அந்த முனை தட்டைக் கீறிவிடும். கீறினால் அதில் எழுதியது எதுவும் திரும்பி வராது. அணைக்கவும் வழியில்லை. தரையிலும் அதிர்வு இருந்தது. ரப்பர் இல்லாமல் அங்கே வைத்துப் பயனில்லை. மெத்தென்று ஏதாவது வேண்டும். அறையில் தலையணை இல்லை, துணிமூட்டை இல்லை. அண்ணியின் பார்வை சுற்றிச் சுற்றி வந்து ஒரு இடத்தில் நின்றது.

"அண்ணி, ஏன் என் வயித்தப் பார்க்குறீங்க?"

"உக்காரு. சுவர்ல சாயாத. நடு அறையில கால நீட்டி உக்காரு."

"இத்தனை வருஷமா எல்லாரும் இந்தத் தொப்பையக் கிண்டல் பண்ணீங்க..."

"இனிமே யாரும் பண்ண மாட்டோம். உக்காரு."

விளிம்புவரை நிறைந்த குடத்தைத் தூக்குவது போல அண்ணி பெட்டியைத் தூக்கினாள். பின்னாலிருந்த வயர்கள் தரைவரை நீண்டன. ஒவ்வொரு விரலாக எடுத்து அதை அவன் வயிற்றின் மேல் இறக்கினாள். அவன் இரண்டு கையாலும் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டான். திரையில் கோடு துடித்தது, படுத்தது, பிறகு மெல்ல எழுந்து, மேலே ஏறத் தொடங்கியது.

"சூடா இருக்..."

கோடு சரிந்தது.

அண்ணி உதட்டில் விரல் வைத்தாள். "பேசாத. சிரிக்காத. மூச்சை மெதுவா விடு. உன் வாழ்க்கையிலயே கஷ்டமான வேலை இதுதான்."

விளக்கு அணைந்தது. இந்த முறை யாரும் கையை ஆட்டவில்லை. மானிட்டரின் நீல ஒளியில் ஸ்பீக்கரின் முகம் மட்டும் தெரிந்தது. வியர்வை மூக்கு நுனியில் திரண்டு நின்றது. அதைத் துடைக்கக்கூட அவனால் முடியாது. காற்று சூடேறி ஈரமாகிவிட்டது. அந்த இருட்டில் அவனுக்கு முதல் தடவையாக, பத்து நாளாக வேறொரு நாலு சுவருக்குள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒருத்தனின் நினைப்பு வந்தது. விளையாட்டாக இல்லாமல் வந்தது.

அண்ணி திரையைப் பார்த்தபடியே முணுமுணுப்பாகப் பேசினாள்.

"நீ சொன்னதுல ஒரு ஓட்டை இருக்கு. கம்ப்ரஸர்ல ஒரு டேங்க் இருக்கும். அதுல காத்து ரொம்பினதும் மோட்டார் தானா நின்னுடும். யாராவது காத்தைச் செலவு பண்ணாத்தான் மறுபடி ஓடும். கிளினிக்ல நோயாளி இல்ல. ஆனா நாம வந்ததுலேருந்து இது ஒரு தடவகூட நிக்கல. அப்படின்னா ரொம்புற காத்து எங்கயோ போயிட்டே இருக்கு. டேங்குக்கு அடியில தண்ணி வடிக்கிற குழாய யாரோ திறந்து வெச்சிருக்காங்க. நிக்காம ஓட விட்டா மோட்டார் எரிஞ்சு போகும். டாக்டருக்கு அது சோறு போடுற மிஷின். அவங்க கையால அதைச் செய்ய மாட்டாங்க. அவங்கதான் செய்யணும்னா நம்மளக் கூப்பிட்டிருக்கவே வேண்டாமே. சும்மா இருந்தாலே இன்னிக்கு ஆறு மணிக்கு எல்லாம் தானா அழிஞ்சிருக்கும்."

ஸ்பீக்கரின் கண்கள் விரிந்தன. கேள்வி தொண்டைவரை வந்து முட்டியது. கோடு நடுங்கியது. அவன் கேள்வியை விழுங்கினான்.

திரையில் 'முடிந்தது' என்று வந்தது. ஆறு அடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. அண்ணி படத்தை ஓடவிட்டாள்.

கார் ஷெட். ஒரு பெண் வருகிறாள், சுற்றுமுற்றும் பார்த்துக் காரில் ஏறுகிறாள். டிரைவர் இருக்கையை நன்றாக முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, திக்கித் திக்கிக் காரை வெளியே எடுக்கிறாள். இப்போதுதான் ஓட்டப் பழகுகிறவளின் கை. அண்ணி படத்தைத் தாவ விட்டாள். கார் திரும்பி வருகிறது, ஒரு விளக்கு உடைந்திருக்கிறது. தம்பிக்காரன் ஓடி வருகிறான். விளக்கைப் பார்க்கிறான், அவளைப் பார்க்கிறான். கையைப் பிடித்து இறக்கி, வீட்டுக்குள் போகச் சொல்லித் தள்ளுகிறான். அவள் போனதும் தானே ஏறி உட்கார்கிறான். கடைசியாக ஒரு காரியம் செய்கிறான். டிரைவர் இருக்கையைத் தன் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளுகிறான்.

போன் வாங்கி வைத்த கை. தண்ணீர் கசிந்ததென்று சொன்ன வாய். சின்ன மருமகள்.

அண்ணி பென் டிரைவை உருவிக்கொண்டு கதவில் கார்டை வைத்தாள். 'டீங்' வரவில்லை. 'க்ளக்' என்று தாழ் விலகியது. கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, ஸ்பீக்கரின் மேலிருந்த பெட்டியை மெல்லத் தரையில் இறக்கினாள்.

வெளியே போன்கள் முக்காலியில் அப்படியே இருந்தன. இருவரும் அவற்றை எடுத்துக்கொண்டு நடைவழியில் நடந்து, 'இன்று விடுமுறை' போர்டைத் தாண்டி, கிளினிக்குக்குள் போனார்கள். நோயாளிகளின் நாற்காலி காலியாக இருந்தது. அதற்குப் பின்னால், கம்ப்ரஸருக்குப் பக்கத்தில், சின்ன மருமகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் நாலு ரப்பர் கால்கள். டேங்குக்கு அடியிலிருந்து காற்று சீறிக்கொண்டிருந்தது.

அண்ணி குனிந்து அந்தக் குழாயை மூடினாள். சீறல் நின்றது. அழுத்தம் காட்டும் முள் மெதுவாக ஏறியது. டேங்க் நிரம்பியதும் கம்ப்ரஸர் ஒரு பெருமூச்சு விட்டு, தானாகவே நின்றது. வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அவர் சொல்லிட்டாரா?" என்றாள் அவள்.

"இல்லம்மா. இன்னும் வாயத் திறக்கல."

அவள் முகத்தைப் புடவைத் தலைப்பில் புதைத்துக்கொண்டாள். "உங்கள அடைச்சு வெக்கணும்னு நான் நினைக்கல. சத்தியமா. காப்பி மட்டும் முடியாமப் போகட்டும்னுதான்... நீங்க கத்தினது கேட்டு ஓடி வந்தேன். வெளியிலேருந்து கார்டு வெச்சேன். எனக்கும் திறக்கல. இதை நிறுத்தினா திறந்துடும்னு தெரியும். இது ஓடினா அது படுத்துக்கும்னு மூத்தவரு எல்லாருக்கும் சொல்லியிருக்காரு. நிறுத்தத்தான் கை வரல. ஆறு மணி ஆயிட்டா எல்லாம் முடிஞ்சிடும்னு உக்காந்திருந்தேன்."

"ஆறு மணிக்கு அந்தப் படம்தான் அழிஞ்சிருக்கும்" என்றாள் அண்ணி. "அவருக்காவது என்னிக்காவது கதவு திறப்பாங்க. உனக்கு யாரு திறப்பா?"

அவள் மடியிலிருந்த ரப்பர் கால்களை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தாள்.

"அந்த வாட்ச்மேன்..."

"இன்னும் கண் திறக்கல."

"போன் குடுங்க. அக்கா வக்கீலோடதான் இருக்காங்க. நானே சொல்றேன்."

அண்ணி போனை நீட்டினாள். அவள் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். மறுமுனையில் பல் டாக்டரின் குரல் கேட்டதும் "அக்கா, நான்தான்... அந்தக் கார எடுத்தது நான்தான்க்கா" என்று தொடங்கினாள். அதன் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை.

அண்ணி திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தாள். அவன் கதவோரம், வயிற்றின் மேல் கைகளைக் கோத்தபடி நின்றிருந்தான். இப்போது அங்கே எந்த டிஸ்க்கும் இல்லை. வாயை மூடச் சொல்லி யாரும் சொல்லவுமில்லை.

இருந்தும் அவன் பேசவில்லை.